இருபது வயதுக் காருக்கு எந்த இ.சி.எம்?

கொல்லம்–திருமங்கலம் நெடுஞ்சாலையில், கிருஷ்ணன்கோவில் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று போகும்போது, மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஐகானும் திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி லான்சரும் இன்னும் எப்போதாவது எதிரே வருகின்றன. லான்சர் 1998இல் வந்தது. ஐகான் அடுத்த ஆண்டு. இவற்றோடு ஃபியட் பேலியோ 1.6, ஹோண்டா சிட்டி வி-டெக் இரண்டையும் சேர்த்தால், நம் பக்கத்துப் பையன்கள் ஆசையாக ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்று சொல்லிக்கொண்ட சின்னக் கார்களின் வரிசை ஏறக்குறைய முடிந்துவிடும். பிறவியிலேயே ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லத்தக்க ஒன்றும் இந்தியாவில் தயாரானது: சான் ஸ்டார்ம். இரண்டே இருக்கை, 1,149 சி.சி. ரெனோ எஞ்சின், 60 குதிரைத்திறன். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு.

இந்த வண்டிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு சங்கடம் இப்போது வந்திருக்கிறது. ஃபோர்டு 2021இல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மிட்சுபிஷி கார்கள் அதற்கு முன்பே போய்விட்டன. நசுங்கிய கதவை டிங்கர் தட்டி எடுத்துவிடுவார். தேய்ந்த புஷ்ஷை, மில்லுகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்துப் பழகிய ராஜபாளையத்து லேத் பட்டறையில் கடைந்துவிடலாம். டேஷ்போர்டுக்கு அடியில் அலுமினியப் பெட்டிக்குள் இருக்கும் இ.சி.எம்மைக் கடைய முடியாது. பட்டறைக்காரர்கள் இ.சி.எம் என்றும் புத்தகங்கள் இ.சி.யு என்றும் சொல்லும் அந்த எஞ்சின் கம்ப்யூட்டர் கோளாறு செய்ய ஆரம்பித்ததும் வண்டிக்காரர் முன்னால் பல யோசனைகள் வந்து விழும். உடைத்த வண்டியிலிருந்து ஒன்று வாங்கு, சிப்பை மாற்று, மேலே ஒரு பெட்டி மாட்டு, எல்லாவற்றையும் தூக்கிவிட்டுப் புதிதாகப் போடு. பிக்கப் கூடும் என்ற ஆசையும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவு மாறாதவரை, கம்பெனி போட்ட இ.சி.எம்மைக் காப்பாற்றுவதுதான் நல்லது. புதிய கம்ப்யூட்டர் போடுவதற்கு ஒரே ஒரு நியாயமான காரணம் உண்டு: பழையது எதை அளந்து பழகியதோ, அது மாறிப்போயிருக்க வேண்டும். ஏன் என்பது அந்தப் பெட்டி செய்யும் வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால்தான் விளங்கும்.

1.6 லிட்டர் எஞ்சினில் நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றும் 400 சி.சி. கடல்மட்டத்தை ஒட்டிய ஓர் ஊரில், 35 டிகிரி வெயிலில், ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.13 கிராம். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தாலும் சிலிண்டர் முழுக்க நிரம்பிவிடாது. வால்வு, குழாய் வளைவு எல்லாம் தடுத்தது போக 85 சதவீதம் நிரம்பியது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உள்ளே போன காற்று 0.384 கிராம். ஒரு பங்கு பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். ஆக அந்த ஒரு தடவைக்குத் தேவையான பெட்ரோல் 26 மில்லிகிராம். பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டர் நிமிடத்துக்கு 170 சி.சி. விடக்கூடியது என்றால், அதைச் சுமார் 12 மில்லிவிநாடி திறந்து வைக்க வேண்டும். எஞ்சின் 6,000 ஆர்.பி.எம்மில் சுற்றும்போது உறிஞ்சி, அழுத்தி, எரித்து, வெளியே தள்ளும் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைப்பதே 20 மில்லிவிநாடிதான். பிளக்கில் நெருப்பு விழ வேண்டிய நேரம் இதைவிட நுணுக்கமானது. அந்த வேகத்தில் கிராங்க் ஒரு டிகிரி திரும்ப ஒரு விநாடியில் 36,000இல் ஒரு பங்கு நேரமே ஆகிறது. பிஸ்டன் உச்சிக்கு வந்து 15 டிகிரி போல இறங்கியபோது அழுத்தம் உச்சத்தில் இருக்க வேண்டும். அதற்குத் தகுந்தபடி முன்கூட்டியே நெருப்பு வைக்க வேண்டும். சீக்கிரம் வைத்தால் நாக்கிங், அதாவது எஞ்சின் தட்டும் சத்தம்; தாமதமாக வைத்தால் சூடும் வீணும்.

கிராங்க் எங்கே நிற்கிறது என்று தெரிய ஒரு பல்சக்கரம் இருக்கிறது. ஃபோர்டு வெகுகாலமாகப் பயன்படுத்துவது 36 பல்லில் ஒன்றை வேண்டுமென்றே விட்ட சக்கரம். பாஷ் வழக்கம் 60இல் இரண்டை விட்டது. பல் இல்லாத அந்த இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் சென்சாரைக் கடக்கும்போது ‘இதுதான் ஆரம்பம்’ என்று இ.சி.எம் புரிந்துகொள்கிறது. மற்ற விவரங்கள் காற்றின் அழுத்தம், காற்றின் சூடு, தண்ணீரின் சூடு, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, புகைக்குழாயில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்ற அளவுகளிலிருந்து வருகின்றன. இவற்றை வைத்து, ஒரு பக்கம் ஆர்.பி.எம், மறுபக்கம் எஞ்சின் சுமை என்று கட்டம் கட்டமாக எழுதிவைத்த அட்டவணையில் உரிய எண்ணைப் பார்த்து இஞ்செக்டரையும் காயிலையும் அது இயக்குகிறது. டியூனிங் என்றால் அந்தக் கட்டங்களில் உள்ள எண்களைத் திருத்துவது. அந்தப் பெட்டி எஞ்சினுக்குச் சக்தி கொடுப்பதில்லை. வருகிற காற்றை வீணாக்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை.

இந்த ஏற்பாடு வேகப் பிரியர்களுக்காக வந்ததல்ல. அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் 1957இல் மின்னணு இஞ்செக்ஷனைக் கொண்டுவந்து பார்த்தது; நிலைக்கவில்லை. பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் 1967இல் வோக்ஸ்வாகன் 1600இல் வந்தபோது அதற்குப் பின்னால் இருந்தது கலிஃபோர்னியாவின் புகைக் கட்டுப்பாடு. ஆக்சிஜன் சென்சார் 1976இல் வோல்வோவில் வந்தது. பெட்ரோல், நெருப்பு இரண்டையும் ஒரே டிஜிட்டல் பெட்டிக்குள் கொண்டுவந்த மோட்ரானிக் 1979இல் பி.எம்.டபிள்யூ 732ஐ காரில் வந்தது. நம் நாட்டிலும் புகைதான் காரணம். 1995இல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது. 2000இல் நாடு முழுவதும் புதிய மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது மாருதி 800கூட எம்.பி.எஃப்.ஐ (சிலிண்டருக்கு ஓர் இஞ்செக்டர்) ஆகிவிட்டது. கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகி, காதால் கேட்டு ஐடிலிங் வைத்த மெக்கானிக்குகள் ஓரிரு ஆண்டுக்குள் ஸ்கேனருக்கு மாற வேண்டியிருந்தது. அந்த மாற்றத்தை யாரும் பெரிதாக எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு வருத்தமே.

இப்போது அந்த முதல் தலைமுறை எம்.பி.எஃப்.ஐ கார்களுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. இ.சி.எம்மின் உள்ளே முதலில் கிழடு தட்டுவது சிப் அல்ல. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் என்ற சிறு உருளைகள். அவற்றுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. அது காய்ந்தாலோ கசிந்தாலோ கதை முடிந்தது. உருளையின் மேலேயே ‘105 டிகிரி’ என்று அச்சிட்டிருக்கும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்பது சாதாரணமாகக் கொடுக்கப்படும் ஆயுள். ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. 65 டிகிரியில் 32,000 மணி. 45 டிகிரியில் 1,28,000 மணி. இருபது ஆண்டு என்பது 1,75,000 மணி. சித்திரை வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய காரின் டேஷ்போர்டுக்குக் கீழே என்ன சூடு இருக்கும் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குளிர்நாட்டில் இன்னும் பத்தாண்டு ஓடக்கூடிய இ.சி.எம் இங்கே முன்னதாகவே மக்கர் செய்வதன் காரணம் இந்த எளிய பெருக்கலில் இருக்கிறது.

மூடியைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல பலகை பச்சை நிறத்தில் பளபளவென்று இருக்கும். கெப்பாசிட்டர் கசிந்த இடத்தில் அந்தப் பளபளப்பு போய், காலைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் படிந்திருக்கும். பக்கத்துச் செம்புத் தடம் கறுத்து அரிக்கப்பட்டிருக்கும். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் லேசாகக் கருவாட்டு வாடை அடிக்கும்; கசிந்த திரவத்தில் உள்ள அமைன் சேர்மங்களின் வாடை அது. 1990களின் ஆரம்பத்தில் வந்த மிட்சுபிஷி இ.சி.எம்கள் உலகம் முழுவதும் இந்த நோய்க்குப் பேர்போனவை. சில ரூபாய் விலையுள்ள மூன்று நான்கு கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு, 105 டிகிரி தரமுள்ள புதியவற்றை வைத்து, கசிவை ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்து, அறுந்த தடத்துக்கு மெல்லிய கம்பி போட்டால் பெட்டி பிழைத்துவிடும். டி.வி. ரிப்பேர் செய்து கை பழகியவர் இதைச் செய்துவிடுவார். ஆனால் பெட்டியை உடைத்துப் பார்க்காமலே ‘இ.சி.எம் அவுட்’ என்று தீர்ப்புச் சொல்வதுதான் வழக்கமாக இருக்கிறது.

“அண்ணாச்சி, சூடானா மிஸ் அடிக்குது. ஸ்கேனர்ல கோடு எதுவும் வரலை. இ.சி.எம்மாத்தான் இருக்கும்” என்று சொல்லப்படும் வண்டிகளில் கணிசமானவற்றுக்கு இ.சி.எம் காரணமாகவே இருக்காது. எர்த் வயர் எஞ்சினில் மாட்டிய இடத்தில் துரு. அல்லது வெப்பத்தில் மொறுமொறுவென்றாகி வெடித்த வேக்கம் குழாய். எர்த்தில் கால் வோல்ட் விழுந்தால் சென்சார்களின் அளவும் கால் வோல்ட் வரை பொய் சொல்லும். 5 வோல்ட்டுக்குள் முழு உலகத்தையும் அளக்கும் பெட்டிக்கு அது பெரிய பொய். சாவியைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகடிவிலும் மறுமுனையை இ.சி.எம்மின் எர்த் பின்னிலும் வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். எஞ்சின் ஓடும்போது அது 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இ.சி.எம்மைக் குறை சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

உடைத்த வண்டியிலிருந்து எடுத்த இ.சி.எம் வாங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஐகானிலும் பேலியோவிலும் இம்மொபிலைசர் உண்டு. சாவிக்குள் இருக்கும் சிறு சிப்பின் எண்ணைத் தெரிந்துகொண்ட பிறகே இ.சி.எம் எஞ்சினை ஓடவிடும். மதுரையில் ஸ்கிராப் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று பெட்டியை மட்டும் வாங்கி வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகி உடனே நிற்கும், அல்லது ஸ்டார்ட்டே ஆகாது. பெட்டியோடு அதன் சாவியும், அந்தச் சாவியைப் படிக்கும் வளையமும் சேர்ந்து வர வேண்டும்.

இனி மாற்றியமைக்கும் விஷயம். முதல் வழி, சிப்பை மாற்றுவது.

உலகத்தில் அதிகமாகக் குடைந்து பார்க்கப்பட்ட பழைய சிறு ஸ்போர்ட்ஸ் கார்கள் என்று ஹோண்டா சிவிக், சி.ஆர்.எக்ஸ் வகையறாவையும் 1989இல் வந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5ஐயும் சொல்லலாம். 1990களின் முதல் பாதியில் வந்த சிவிக்கின் பெட்டிக்குள் சிப்புக்கான காலி இடத்தை ஹோண்டா விட்டுவைத்திருந்தது. 28 கால் சாக்கெட் ஒன்று, லாட்ச் சிப் ஒன்று, ஓரிரு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு ஜம்பர் கம்பி. இவற்றை ஈயம் வைத்துப் பற்றவைத்தால், பெட்டி உள்ளே இருக்கும் நிரலை விட்டுவிட்டு வெளிச் சிப்பில் இருப்பதைப் படிக்கும். அந்தச் சிப்பின் கொள்ளளவு 32 கிலோபைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத அந்த இடத்துக்குள் குளிரில் ஸ்டார்ட் ஆவது, ஏ.சி. போட்டால் ஐடிலிங் ஏற்றுவது, இறக்கத்தில் பெட்ரோலை நிறுத்துவது, வி-டெக் எப்போது மாறுவது என்று அத்தனையும் அடங்கியிருக்கின்றன. பார்க்கப் பார்க்க ஆச்சரியமாக இருக்கிறது.

இந்த வழியில் உள்ள நன்மை, கம்பெனி எழுதிய ஆயிரம் சின்னத் திருத்தங்கள் அப்படியே நிற்கும். நாம் மாற்றுவது ஓரிரு அட்டவணையை மட்டும். தீமை, எல்லாக் காருக்கும் இப்படிக் குடைந்து வழி கண்டுபிடித்தவர்கள் கிடையாது. ஐகானுக்கும் லான்சருக்கும் ஹோண்டா அளவுக்கு ஆராய்ச்சி நடக்கவில்லை.

அடுத்தது மேலே மாட்டும் பெட்டி. சென்சாரிலிருந்து வரும் சேதியை நடுவில் மறித்து, கொஞ்சம் திரித்து இ.சி.எம்முக்கு அனுப்பும், அல்லது இ.சி.எம் இஞ்செக்டருக்கு அனுப்பும் கட்டளையை நீட்டும். இந்தியாவில் பைக்குகளில் பிரபலமான பவர்ட்ரானிக் இந்த வகைதான். பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸ் நிறுவனத் தயாரிப்பு. அசல் பெட்டி அசலாகவே இருக்கும், கழற்றினால் பழைய நிலை. சிறு மாற்றத்துக்கு இது ஒத்துவரும். ஆனால் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும் இ.சி.எம், நாம் கூட்டியதைச் சில நிமிடங்களில் குறைத்துவிடும். எஜமானர்கள் இருவர் ஒரே வண்டியை ஓட்டும் நிலைமை இது. நான் இதை விரும்புவதில்லை.

மூன்றாவது, அசல் பெட்டியை முழுவதும் ஒதுக்கிவிட்டுத் தனி இ.சி.யு. இதில் பெரிய கதவைத் திறந்தது மெகாஸ்குவர்ட். புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் 2001இல் வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் பாகங்களை வாங்கித் தாங்களே பற்றவைத்துக்கொள்ளலாம். முதல் பதிப்பின் பெட்ரோல் அட்டவணை வெறும் 8-க்கு-8 கட்டம். பிறகு ஸ்பீடுயினோ வந்தது. அதன் அடிப்படை ஆர்டுயினோ மெகா பலகை. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அதைப் போன்ற எந்தக் கல்லூரியின் மாணவருக்கும் ஆர்டுயினோ பழக்கமான சாமான்தான். விளக்கு எரிய வைக்கப் பயன்படும் அதே பலகையால் ஒரு கார் எஞ்சினை ஓட்ட முடியும் என்று கேட்டதும் எந்த இளைஞனுக்கும் கை துறுதுறுக்கும்.

அந்தத் துறுதுறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் எங்கே கஷ்டம் இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து ஓடும்போதைய எண்களை நிரப்புவது சுலபம். அகலவீச்சு ஆக்சிஜன் சென்சார் ஒன்றை மாட்டி, வண்டியை டைனோ என்ற சோதனை உருளைகளில் ஏற்றினால் ஒரு பகலில் முடிந்துவிடும். பாஷ் எல்.எஸ்.யு. 4.9 போன்ற சென்சார் கலவையின் சரியான விகிதத்தையே சொல்லிவிடும். பழைய கார்களில் உள்ள சாதாரண சென்சார் அரை வோல்ட்டுக்கு மேல் கீழ் என்று ‘கூட, குறைய’ மட்டுமே சொல்லும். மாதக்கணக்கில் இழுப்பது மற்றதெல்லாம்: காலையில் ஸ்டார்ட், நடுப்பகலில் சூட்டோடு மறு ஸ்டார்ட், ஏ.சி. போட்டதும் ஐடிலிங் விழாமல் இருப்பது, ஃபேன் எப்போது ஓடுவது. 1999க்குப் பின் வந்த எம்.எக்ஸ்-5இல் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைக்கூட எஞ்சின் கம்ப்யூட்டரே கட்டுப்படுத்துகிறது. அதை மறந்து தனிப் பெட்டி போட்டவர்களின் பேட்டரி இறங்கிப்போனது உண்டு.

நம் ஊருக்கென்றே ஓர் உதாரணம் தருகிறேன். தனிப் பெட்டிகளில் பெரும்பாலானவை, இன்டேக்கில் உள்ள அழுத்தத்தையும் காற்றின் சூட்டையும் அளந்து காற்றின் எடையைக் கணக்கிடுகின்றன. சிவகாசி, ராஜபாளையம் பக்கம் ஏதோ ஒரு ரயில்வே கேட்டில் மே மாத மதியம் நிற்கிறீர்கள். எஞ்சின் ஐடிலிங்கில் ஓடுகிறது. இன்டேக் அலுமினியத்தோடு ஒட்டியிருக்கும் காற்றுச் சூடு சென்சார் கொதித்துப்போய் 70 டிகிரி என்கிறது. கேட் திறக்கிறது, ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள். புதிதாக உள்ளே பாய்வது 45 டிகிரிக் காற்று. சென்சார் ஆறுவதற்குச் சில விநாடி ஆகும். அதுவரை 70 என்றே சொல்லும். சூடான காற்று லேசானது என்று நம்பிப் பெட்டி கணக்குப் போடுகிறது. கெல்வின் அளவில் 318-ஐ 343-ஆல் வகுத்தால் 0.927. அதாவது 7 சதவீதம் பெட்ரோல் குறைவு. வண்டி இழுக்காமல் முக்கும், சில நேரம் அணைந்தே போகும். பின்னால் லாரிக்காரர் ஹாரனை அழுத்துவார். கம்பெனிக்காரர்கள் பலர் இதற்காகவே சென்சாரை ஏர் ஃபில்டர் பக்கம் நகர்த்தி வைத்து, காற்று ஓட்டம் குறைவாக இருக்கும்போது அந்த அளவை எவ்வளவு நம்புவது என்று தனி அட்டவணை எழுதியிருக்கிறார்கள். பாலைவனத்திலும் பனியிலும் வண்டியை ஓட்டிப் பார்த்து எழுதியது அது. தனிப் பெட்டியிலும் அந்த வசதி உண்டு. எண்ணைத்தான் நாம் நிரப்ப வேண்டும், அதுவும் கோடையில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை. கொடைக்கானல் போகிறவர் என்றால் இன்னொரு திருத்தம்: அங்கே 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கீழே உள்ளதில் ஐந்தில் நாலு பங்குதான்.

இவ்வளவையும் செய்து கிடைக்கும் லாபம் என்ன? டர்போ இல்லாத, மாற்றப்படாத எஞ்சினில் எண்களை மட்டும் திருத்தினால் 100 குதிரைத்திறனுக்கு ஐந்தாறு கூடினாலே பெரிது. கம்பெனிக்காரர்கள் அதைத் தெரியாமல் விட்டுவைக்கவில்லை. சாதாரணப் பெட்ரோலில் நாக்கிங் வராமலிருக்க நெருப்பைக் கொஞ்சம் தாமதமாக வைத்திருப்பார்கள். அதைத்தான் நாம் பிடுங்குகிறோம்.

மாற்றம் தேவைப்படும் இடம் வேறு. ஆரம்பகால எம்.எக்ஸ்-5 1.6இல் காற்றை அளப்பது ஸ்பிரிங் வைத்த ஒரு கதவு. காற்று அதைத் தள்ளித் திறக்க வேண்டும். அந்தத் தள்ளுதலே ஒரு தடை. டர்போ போடுகிறவர் அதை எடுத்துவிட்டு அழுத்த சென்சாருக்கு மாறினால், அதைப் படிக்கத் தெரியாத பழைய பெட்டியும் போயாக வேண்டும். கேம் ஷாஃப்ட் மாறியது, இஞ்செக்டர் பெரிதானது, த்ராட்டில் சிலிண்டருக்கு ஒன்றானது என்றாலும் அப்படியே. பழையது அளந்து பழகியது மாறிவிட்டது, புதியது நியாயம்.

இதற்கு நல்ல சாட்சி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீடுவேயில் ஃபார்முலா பாரத் போட்டி நடக்கிறது. பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்த சிறு ரேஸ் காரோடு வருகிறார்கள். பலர் வைத்திருப்பது கே.டி.எம். 390 பைக்கின் 373 சி.சி. எஞ்சின். எஞ்சினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும் என்பது அந்தப் போட்டி வகையின் விதி. அந்தத் துளையில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால் அதற்குமேல் எவ்வளவு உறிஞ்சினாலும் விநாடிக்கு சுமார் 70 கிராமுக்கு மேல் வராது. பைக்கில் வந்த பெட்டிக்கு இந்தத் துளையைப் பற்றி எதுவும் தெரியாது. ஆகவே அங்கே தனி இ.சி.யு என்பது ஆடம்பரம் அல்ல. அங்கே ரயில்வே கேட்டும் கிடையாது, ஏ.சி.யும் கிடையாது. சோழவரம் விமானத் தளத்தில் தொடங்கி, 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் ரேஸ்களிலும் இதே நியாயம்தான். ரேஸ் காருக்கான பெட்டியை ரோட்டில் ஓடும் காருக்கு வாங்காதீர்கள் என்று நான் சொல்வதன் காரணமும் இதுவே.

ரோட்டுக் காருக்குச் சட்டமும் உண்டு. கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019இல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் புகைச் சோதனையும் காத்திருக்கிறது. சிப்பை மாற்றிக் கலவையைக் கூட்டிய வண்டி அங்கே முதலில் மாட்டிக்கொள்ளும்.

இப்போது எஞ்சினைத் தொடாதவருக்கும் ஒரு மாற்றம் வந்துவிட்டது. பங்கில் நிரப்பும் பெட்ரோலே மாறிவிட்டது. இ20 என்பது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலில் ஏற்கனவே ஆக்சிஜன் இருப்பதால் அது எரிய 9 பங்கு காற்றே போதும். கலந்து கணக்கிட்டால் 14.7 என்ற எண் சுமார் 13.5 ஆகிறது. அதே காற்றுக்கு 9 சதவீதம் போல அதிகப் பெட்ரோல் வேண்டும். மேலே சொன்ன 26 மில்லிகிராம் 28ஐத் தாண்டும்; இஞ்செக்டர் இன்னும் ஒரு மில்லிவிநாடி திறந்திருக்க வேண்டும். சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சரிசெய்துவிடும். முழுதாக மிதிக்கும்போதும், சென்சார் சூடேறாத காலை ஸ்டார்ட்டிலும் பழைய இ.சி.எம் பெரும்பாலும் அட்டவணையை நம்பியே ஓடுகிறது. அங்கேதான் கலவை மெலிந்து, காலையில் இருமலும் ஓவர்டேக் எடுக்கும்போது தயக்கமும் வருகின்றன. எத்தனாலின் நல்ல குணம் ஒன்றையும் சொல்ல வேண்டும்: அது நாக்கிங்கைத் தடுக்கும், உள்ளே போகும் காற்றைக் குளிரவைக்கும். அட்டவணையில் அந்த 9 சதவீதத்தைக் கூட்டத் தெரிந்தவருக்குப் பழைய எஞ்சின் பழையபடியே ஓடும். வேகத்துக்காக அல்லாமல் இந்தத் திருத்தத்துக்காகவே பழைய இ.சி.எம்களைத் திறந்து படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். பழைய பெட்ரோல் குழாய், ரப்பர் வளையங்களை மாற்றும் வேலை தனி.

கல்லூரிப் பட்டறைகள் கை வைக்க வேண்டிய இடம் இது. ஐகான், லான்சர், பேலியோ ஒவ்வொன்றின் சிப்பிலும் இருக்கும் நிரலைப் படித்து எடுத்து வைத்தவர்கள் மிகக் குறைவு. சிப்பில் எழுத்து என்றால் மின்னூட்டம். சின்னச் சின்னத் தீவுகளில் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள். அவை மெல்ல மெல்லக் கசியும். பத்து, இருபது ஆண்டு என்றே தயாரிப்பாளர்கள் உத்தரவாதம் கொடுக்கிறார்கள். சூடான ஊரில் கசிவு வேகம் கூடும். ஆகவே வண்டி நன்றாக ஓடும்போதே செய்ய வேண்டிய வேலை இது. பெட்டியைக் கழற்று, சிப்பை ரீடரில் வைத்து இரண்டு தடவை படி, இரண்டு கோப்பும் ஒரு பைட்கூட மாறாமல் ஒத்துப்போகிறதா என்று பார். ஒத்துப்போகாவிட்டால் சாக்கெட்டின் கால்களைத் துடைத்துவிட்டு மறுபடி படி. ஒத்துப்போனால் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பாக எண்ணையே கோப்புக்குப் பெயராக வை, சாவியின் இம்மொபிலைசர் எண்ணையும் கூடவே எழுது, இரண்டு இடத்தில் பத்திரப்படுத்து. கெப்பாசிட்டர்களை மாற்றும் வேலையை அதன் பிறகு தொடங்கு.